முழுப்பண்டியும் மொறுமொறுப்பும்: சில இலக்கணச் சிக்கல்கள்

நான்கு கால், இரண்டு காது, ஒரு வால் ஆகியவை குறையாமலும் தோல் உரிக்காமலும் பன்றியை நெருப்பில் வேகவைத்துத் தோலை மொறுமொறுப்பாக்குவது முழுப்பண்டி சுடுதல் எனப்படும். வாலை உறுப்பாகக் கொள்வதா, விகுதியாகக் கொள்வதா என்பது தனி நூலுக்குரியது.

யாழ்ப்பாணத்தில் பன்றி பண்டியாகும். ஒன்று ஒண்டாகவும் மூன்று மூண்டாகவும் கன்று கண்டாகவும் வழங்கும் குடாநாட்டில் இது விதிப்படியே. ஆனால் பழந்தமிழில் பண்டி என்பதற்கு வயிறு, வண்டி என்ற இரு பொருள்களும் உண்டு. யாழ்ப்பாணத்தாரோ தொப்பையையே வண்டி என்பர். ஆகவே 'பண்டி பண்டியில் வந்து பண்டிக்குள் இறங்கியது' என்ற வாக்கியத்தில் பிழை காண இயலாது. இதற்கு உரை செய்யப் புகுந்தோர் எவரும் பண்டி உண்டவராகத் தெரியவில்லை. உண்டவர்களுக்கு உரை தேவைப்படவில்லை.

தொன்மை குறித்து இரு கட்சிகள் உள. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயரே இவ்வழக்கத்தைக் கொணர்ந்தனர் என்பது முதற்கட்சி. அவர்கள் நாட்டுப் பைராடா வட்டாரத்தில் பாற்குட்டியை முழுதாகச் சுடுவது இன்றும் புகழ்பெற்றது. மறுகட்சி பெரும்பாணாற்றுப்படையைக் காட்டும். அதில் கள் காய்ச்சுவோர் வீட்டு ஆண்பன்றி, பெண்பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மா ஊட்டிக் கொழுக்க வைக்கப்படுகிறது. அதன் கொழுத்த தசை கள்ளோடு பரிமாறப்படுகிறது. கள்ளுக்குப் பண்டியே துணை என்பதைத் தவறணைக்குப் போகும் எவரும் சங்க நூல் பயிலாமலே அறிவர்.

காளத்தியில் கண்ணப்பர் சுட்ட பன்றி, அம்பில் கோத்த துண்டுகளாக இருந்தமையால் வரைவிலக்கணத்துக்குள் அடங்காது. பெரியபுராணத்தை வசனமாக்கிய நல்லூர் ஆறுமுக நாவலர் புலாலை வன்மையாகக் கண்டித்தவர். ஆயினும் அந்தப் பன்றியை அவராலும் விலக்க முடியவில்லை. அவர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேதான் லண்டனில் சார்ள்ஸ் லாம் சுட்ட பன்றி பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை. தொடர்பில்லை என்று நிறுவ மூன்று கருத்தரங்குகளேனும் வேண்டும்.

விறகில் பனைமட்டை சட்டென எரிந்து தீரும். சிரட்டைக்கரி நின்று கனலும். மற்றவை பேசத் தக்கன அல்ல.

தோலின் இயல்பு எளிது. முதலில் உப்புத் தடவி ஈரத்தை வாங்க வேண்டும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் இருந்தால் தோலின் நார்ப்புரதம் இளகிப் பசையாகும். கொழுப்பு உருகி வடியும். இறுதியில் கடுஞ்சூடு காட்ட, எஞ்சிய நீர் ஆவியாகித் தோலை உள்ளிருந்து ஊதிக் கொப்புளமாக்கும். கொப்புளம் அப்படியே இறுகுவதே மொறுமொறுப்பு. ஈரம் மிஞ்சினால் தோல் செருப்பாகும்.

சிக்கல் இனித்தான். மொறுமொறு என்பது இரட்டைக்கிளவி. அது பிரிந்து நின்று பொருள் தராது எனத் தொல்காப்பியர் விதித்துவிட்டார். எனவே கடிக்கையில் 'மொறு' என ஒருமுறை மட்டும் ஒலிக்கும் தோல் எவ்வளவு சுவைத்தாலும் இலக்கணப்படி செல்லாது. இரண்டாம் 'மொறு' எங்கிருந்து வருகிறது? மேற்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என்பர் ஒரு சாரார். கடித்தவனுக்கு ஒன்று, பக்கத்தில் கிடைக்காமல் இருப்பவனுக்கு ஒன்று என்பர் மறுசாரார். பல்லில்லாத முதியோர் சப்பும் தோலைப் பெயரெச்சமாகக் கொள்ளலாம் என்ற சமரசமும் உண்டு. சிகரெட் பெட்டியின் உட்தாளில் எழுதப்பட்டு, மூன்றாம் வாங்கின் கீழ்க் கண்டெடுக்கப்பட்ட 'தவறணைச் சுவடி' மட்டும் 'கறுமுறு' எனப் பாடங்கொள்கிறது. பிளாவிலிருந்து கள் சிந்தியதால் அதன் இரண்டாம் படியில் 'கறு' மட்டுமே எஞ்சியது. அதைக் கண்ட பதிப்பாசிரியர் ஒருவர், பொருள் விளங்காத இடத்தில் பதிப்பாசிரியர் செய்வதையே செய்து, 'கறி' எனத் திருத்தினார். யாழ்ப்பாணத்தார் பண்டியைச் சுடாமல் கறி காய்ச்சுவது இப்பிழையால் விளைந்ததே என்பர். இதற்கு எழுந்த மறுப்பு சுவடியைவிட நீளமானது. அதுவும் கறியைத் தொடவில்லை.

உண்மைக் காரணம் பங்கு. கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நத்தாருக்கு அயலவர் கூடி ஒரு பண்டியை அடித்தால், ஈரல், கொழுப்பு, தோல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூறு வைத்துப் பங்கிடவேண்டும். முழுதாகச் சுட்ட பண்டியில் முதுகுத்தோல் யாருக்கு என்பதைத் தீர்க்கப் பங்குத்தந்தையே வரவேண்டியிருக்கும். ஆகவே முழுப்பண்டி நெருப்பைக் காண்பது மயிர் பொசுக்கும் நேரத்தில் மட்டுமே. காய்ந்த ஓலையைக் கொளுத்திப் புரட்டிப் புரட்டி வாட்டுவர்; கத்தியால் சுரண்ட, கரி உதிர்ந்து தோல் மஞ்சள் பாரித்து வெளிப்படும். காதின் மெல்லிய ஓரம் அதற்குள் தானாகவே முறுகிவிடும். ஓலை பிடித்த பொடியன் அதை ஒடித்து வாயில் போட்டுக்கொள்வான். முதல் வரியிற் கூறிய வரைவிலக்கணப்படி அது முழுப்பண்டியாக இருந்தது அதுவரைக்குந்தான்.