கன்னிமாரா தேக்கும் ஐந்தாவது நண்பனும்

நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்பது பள்ளிப்பாடம். பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் இந்த இலக்கணத்துக்குள் அடங்காத தீவு. மண் கேரளத்துடையது, வண்டி போகும் சாலையோ தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். கொல்லங்கோட்டிலிருந்து கிளம்பும் நண்பர் குழு ஒருமுறை மாநிலம் மாறி, ஆனப்பாடியில் மறுபடி சொந்த மாநிலத்துக்குள் நுழைகிறது. இடுக்கியின் மறையூர்க்காரர்களுக்குச் சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று இன்னும் பெரிய சுற்று. சொந்த மாநிலத்துக்குள் போகவே இரண்டு முறை எல்லை தாண்ட வைக்கும் நிலம், ஆய்வு நோக்கில் தீவே.

பரப்பிலும் குறையில்லை. மத்தியதரைக் கடலின் மால்டா நாடு மொத்தமே 316 சதுர கி.மீ. 2010இல் அறிவிக்கப்பட்ட பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் 643 சதுர கி.மீ.; இரண்டு மால்டாக்கள் அடங்கி, ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சும். மால்டாவின் ஆர் தலாம் குகையில் கிடைத்தவை குள்ள யானைகளின் எலும்புகள்; இங்கே முழு யானையே சாலையில் நின்று வண்டியை மறிக்கும்.

குழு பெரும்பாலும் ஒரு கார் கொள்ளும் அளவு, அதாவது ஐவர். இருட்டோடு கிளம்புவதாகத் திட்டம்; ஒருவர் குளித்து முடிக்காததால் வெயிலேறிய பிறகே புறப்பாடு. இவ்விதிக்கு விலக்கு அறியப்படவில்லை. காட்டுக்குள் மானும் காட்டெருமையும் எல்லோருக்கும் காட்சி தரும். புலியை மட்டும் எப்போதும் முன்னே போன வண்டிக்காரர்களே பார்த்திருப்பார்கள்.

ஆய்வின் மையச் சிக்கல் கன்னிமாரா தேக்கு. 1994–95இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது பெற்ற இம்மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். கை விரித்த ஒருவரின் நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் என்று கொண்டால், நால்வருக்கு எட்டாது, ஐவர் வேண்டும். வழிகாட்டிகள் சொல்லும் கணக்கும் இதுவே. ஐவரும் கட்டிப்பிடித்தால் படம் எடுக்க ஆளில்லை. செல்ஃபியில் மரம் வந்தால் ஆள் வராது, ஆள் வந்தால் மரம் வராது. வழிகாட்டியிடமே செல்பேசியைக் கொடுப்பது வழக்கமான தீர்வு. அதிலும் ஒரு குறை: மரத்தின் பின்பக்கம் நின்றவர் படத்தில் விழமாட்டார். தான் வந்ததற்குச் சான்றாக அவர் காட்டுவது ஓரத்தில் தெரியும் விரல் நுனியைத்தான். அது தன் விரல் என்று பக்கத்தில் நின்றவரும் உரிமை கோருவதுண்டு.

பள்ளிப்பாடத்துக்கு இணங்கிய தீவும் உண்டு: நீர்த்தேக்கத்துக்கு நடுவிலுள்ள வீட்டிக்குன்று, படகில்தான் போக முடியும். தீவுக்குள் தீவு என்பதால் இது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சியிருப்பது செலவுக் கணக்கு. வழியில் இரு மாநில வனத்துறைக்கும் கட்டணம் உண்டு. பொருளாளர் ஒரு ரசீதையாவது தொலைத்திருப்பார். பரம்பிக்குளம் அணை நிற்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. கார் ஒருவருடையது, டீசல் இன்னொருவருடையது என்ற நண்பர்களின் ஏற்பாடும் இவ்வகையே. இரு மாநிலங்களும் 1970இல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதை 1958 முதலே செல்லுபடியாக்கிக்கொண்டன. நண்பர்களிடம் எழுத்து கிடையாது. முன்தேதியிடும் பழக்கம் மட்டும் உண்டு. போன வருடத்து மூணாறு பயணத்தின் பாக்கியும் இந்தத் தாளிலேயே ஏறிவிடுகிறது.