மொட்டைமாடி வானியலாளர்

அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். லிஃப்டில் தோளில் முக்காலி, ஒரு கையில் இரும்பு எடைக்கல், மறு கையில் நீளப் பெட்டி. “கட்டட வேலையா சார்?” என்று கேட்ட வாட்ச்மேனை இன்னும் மன்னிக்கவில்லை.

முதலில் வாங்கியது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. அதில் நிலாவைப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். படமெடுக்கும் ஆசை வந்தது. பூமி சுழல்வதால் படத்தில் நட்சத்திரம் கோடாக இழுத்துக்கொள்ளும். கூடவே திரும்ப மோட்டார் வைத்த கால், அதாவது மவுண்ட், வேண்டும். குழாயைவிடக் காலுக்கு விலை அதிகம் என்பதை மனிதர் வீட்டில் சொல்லவில்லை. பிறகு அந்த மவுண்டைக் கண்காணிக்க ஒரு குட்டிக் குழாய், அதற்கொரு குட்டிக் கேமரா, லென்ஸில் பனி படியாமலிருக்க ஹீட்டர். (ஊர் சென்னை.)

மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்க வேண்டும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். சரியாக அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இவர் விடுவாரா? தரையில் மல்லாந்து, சிவப்பு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மட்டக்குமிழியைப் பார்த்துப் பார்த்துத் திருகுவார். இருட்டுக்குக் கண் பழக அரைமணி ஆகும், யாரும் லைட் போடக்கூடாது என்பது உத்தரவு. கண் பழகி முடிகிற நேரம் பார்த்து யாராவது காய்ந்த துணியெடுக்க வந்து ட்யூப்லைட்டைத் தட்டுவார்கள்.

செல்போனில் ஓரியன் நெபுலா படம் தயாராக இருக்கும். சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். “இந்த வெளிச்சம் கிளம்பினப்போ காஞ்சியில பல்லவர் ஆட்சி சார்!” என்று நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் கறை என்று நினைத்து வேட்டி நுனியால் திரையைத் துடைத்துக் கொடுத்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் மட்டும் தெம்பு வரும். “காவலூர் வானாய்வகத்துலயும் இதே கதைதான்” என்பார். அங்கே வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். பேச்சைக் கேட்டால் அதுவும் இவருடைய 8 அங்குலமும் பங்காளி வீட்டுச் சொத்து என்று தோன்றும்.

சனிக்கோளின் வளையங்கள் ஏறக்குறைய 15 ஆண்டுக்கு ஒருமுறை நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். அப்போது மெல்லிய கோடாகத் தெரிந்தாலே அதிகம். அப்படி வந்த 2025-ல்தான் இவர் மாடிக்கு ஊரையே அழைத்தார். இரண்டாம் மாடி மாமி வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“சனி தெரியறார். வளையத்தைக் காணோமேப்பா?”

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்: “என் வளையல் போன கடைக்குத்தான் போயிருக்கும், மாமி.”