புதுப்பிப்பு என்னும் பெருங்கருணை

ஆத்தூரின் ஸ்டுடியோக்களில் ஒரு முகூர்த்தக் காலத்துக் கல்யாணப் படங்கள் அனைத்தும் வெளி ஹார்டு டிஸ்கில், அதாவது யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைக்கப்படும் சேமிப்புப் பெட்டியில், அடங்கியிருக்க, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளாகிய விண்டோஸ் இரவோடிரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, மறுநாள் அப்பெட்டியிடம் சீரில் குறைகண்ட சம்பந்தியைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு.

பல வேளைகளில் டிஸ்குக்கு அடையாளமாக வழங்கப்படும் ஆங்கில எழுத்து மட்டுமே விடுபட்டிருக்கும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் அதை மீண்டும் அளித்தால் படங்கள் தோன்றிவிடும். ஆனால் கோப்பு அமைப்பை, அதாவது எந்தப் படம் எங்கே உள்ளது என்று குறிக்கும் பதிவேட்டை, வாசிக்க இயலாதபோது, விண்டோஸ் தன் இயலாமையை மறைத்து, அப்பதிவேட்டையே புதிதாக எழுதிவிடும் 'ஃபார்மட்' பணிக்குப் பணிவுடன் அனுமதி கோருகிறது.

அனுமதி கோருவதும் முன்னேற்றமே: 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளைக் கேளாமலே அழித்ததால், மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாள்களில் நிறுத்தி, கோப்புகளை இழந்தோர் கணினிப் பயன்பாட்டை இயன்றவரை குறைத்துக்கொண்டு தன்னை அழைக்குமாறு அறிவுறுத்தியது. புதுப்பித்த கணினியைத் தொடாதிருப்பதே அதன் பாதுகாப்பான பயன்பாடு என்பது அவ்வாறு அதிகாரபூர்வமாயிற்று.