ரூ என்றால் தெரு

புதுச்சேரியின் ஒயிட் டவுன் என்பது கிழக்கே வங்கக்கடலையும் மேற்கே பெரிய வாய்க்காலையும் எல்லையாகக் கொண்ட பழைய குடியிருப்புப் பகுதி. தெருக்கள் நேரானவை, சுவர்கள் உயரமானவை, பெரும்பாலானவற்றின் நிறம் மஞ்சள். சென்னைக்குத் தெற்கே உள்ள கேளம்பாக்கத்திலிருந்து அதன் தொலைவு சுமார் 120 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மூவகை மாந்தரைக் காணலாம்: அங்கேயே குடியிருப்போர், குடியிருப்பதுபோல் படம் எடுத்துக்கொள்வோர், வண்டி நிறுத்த இடம் தேடுவோர். கேளம்பாக்கத்தார் மூன்றாம் வகையில் தொடங்கி இரண்டாம் வகைக்கு உயர்வர். முதல் வகையை எட்டவிடாமல் அவர்களைத் தடுப்பது வீட்டு விலை ஒன்றுதான்.

பிரெஞ்சு வாடைக்காக இவ்வளவு தூரம் போகவேண்டிய நிலை எப்போதுமே இருந்ததில்லை. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே, முட்டுக்காட்டுக் கழியைத் தாண்டியதும் வரும் கோவளத்தில் ஒரு கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தார், கோட்டை தகர்க்கப்பட்டது. கிளைவ் செய்த தீமைகளை வரலாற்று நூல்கள் நீளமாகப் பட்டியலிடுகின்றன. சைக்கிளில் போய்வரக்கூடிய இடத்தைக் காரில் போகவேண்டிய இடமாக மாற்றியதை மட்டும் எந்த நூலும் குறிப்பிடுவதில்லை.

பயணத்தின் முதல் கட்டம் ஆள் சேர்ப்பது. வெளியூர் உறவினர் எவரேனும் உடன் வருவதாக இருந்தால், அவர் கிளாம்பாக்கத்தில் போய் நிற்பார். கேளம்பாக்கம் பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள ஊர். கிளாம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையில், 2023 டிசம்பர் 30இல் பேருந்து முனையம் திறக்கப்பட்ட ஊர். எழுத்தில் பார்த்தால் வேறுபாடு சிறிது. கொம்பு உதிர்ந்து கொக்கியும் காலும் முளைத்தால் கேளம் கிளாம் ஆகிவிடுகிறது. சாலையில் பார்த்தால் வண்டலூர் வரை போய்த் திரும்ப வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதென்று திட்டமிட்ட குடும்பம் ஒன்பதுக்குக் கிளம்புவதற்கு இது ஒரு காரணம். மற்ற காரணங்கள் வீட்டுக்கு வீடு மாறும்.

அடுத்த கட்டம் வழி பற்றிய வாக்குவாதம். ஓ.எம்.ஆரிலேயே திருப்போரூர் வழியாகப் போகலாம் என்பது ஒரு கட்சி. கோவளம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரைப் பிடித்தால் கடல் தெரியும் என்பது மறு கட்சி. இரண்டு சாலைகளும் மாமல்லபுரத்தை ஒட்டி ஒன்றுசேர்ந்துவிடுகின்றன, கட்சிகள் சேர்வதில்லை. அங்கிருந்து போகும் வழியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும் அவர்களுடைய கல்லறைகளும் இருக்கின்றன. கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்து, பத்தாண்டு கழித்து ஆங்கிலேயரால் உடைக்கப்பட்டது. வரலாற்றைப் பார்க்கப் புறப்பட்ட குடும்பம் இவ்விரண்டு இடங்களிலும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்துவது காலைச் சிற்றுண்டிக்கு. பிறகு மரக்காணம் வருகிறது. அங்கே உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கேளம்பாக்கமும் உப்பளத்துக்குப் பேர்போன ஊர்தான். ஆக, உப்பளத்தில் கிளம்பி, உப்பளத்தைக் கடந்து, உப்புக்காற்று வாங்கப் போவதே இப்பயணம்.

ஒயிட் டவுனின் வரலாறு கட்டுவதும் இடிப்பதுமாக நகர்வது. பிரெஞ்சுக் கம்பெனிக்காகப் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். 1693இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தனர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தார். 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர், பழிக்குப் பழியாக நகரையே தரைமட்டமாக்கினர். 1763இன் பாரிஸ் உடன்படிக்கை ஊரைத் திரும்பத் தந்தது. ஊர் என்று சொல்லத்தக்கது அப்போது அங்கே அதிகம் இல்லை. இன்று பார்க்கும் நகர் அதன்பின் எழுப்பப்பட்டது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. இடிபடும் வழக்கம் அதற்குப் பின்னும் முற்றாக நின்றுவிடவில்லை. கடற்கரையில் இருந்த பழைய நகரமன்றக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் எவர் படையெடுப்பும் இல்லாமல் தானே சரிந்தது. பிறகு பழைய சாயலிலேயே மறுபடி கட்டப்பட்டது.

இப்பகுதியில் பிரெஞ்சு எது என்பது நுணுக்கமான கேள்வி. நேர்த்தெருக்களின் கட்ட அமைப்பு டச்சுக்காரர் வரைந்தது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை மண்டபம் கிரேக்க ரோமானியப் பாணியில் அமைந்தது. அதன் பெயர் ஆயி மண்டபம். ஆயி என்பவள் தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டித் தந்த தாசி என்று கதை சொல்கிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, நினைவு மண்டபத்துக்கு அவள் பெயர் நின்றது. பேரரசர் பெயரைப் பூங்காவில் யாரும் சொல்வதில்லை. சற்றுத் தள்ளி இருக்கும் மணக்குள விநாயகர், மணலுக்கும் குளத்துக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர் வருமுன்பே வந்து அமர்ந்துவிட்டவர். ஒயிட் டவுனின் மூத்த குடியிருப்பாளர் அவர்தான்.

மிச்சமிருக்கும் பிரெஞ்சு, தெருப் பலகைகளில் இருக்கிறது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் பிரெஞ்சும் தமிழும் எழுதியிருக்கும்: ரூ துமா, ரூ சுஃப்ரேன், ரூ ரொமேன் ரோலான். பிரெஞ்சில் ரூ என்றால் தெரு. தமிழில் ரூ என்று எழுதிப் புள்ளி வைத்தால் ரூபாய். ஒயிட் டவுனில் இந்த இரண்டு பொருளும் நெருங்கி வாழ்கின்றன. ஒரு ரூவில் நுழைந்து காபி குடித்து வெளியே வருவதற்குள் பல ரூ. தீர்ந்துவிடும். உணவு அட்டையில் உள்ள பெயர்களைக் குடும்பத் தலைவர் வாய்விட்டுப் படிப்பதில்லை. விரலால் தொட்டுக் காட்டுவார். வருவது முட்டை தோசையின் தூரத்து உறவாக இருக்கும்.

படம் எடுப்பது பயணத்தின் தலையாய சடங்கு. இதற்கு மஞ்சள் சுவர் ஒன்றும் அதன்மேல் சரியும் காகிதப்பூக் கொடி ஒன்றும் தேவை. அந்தச் சுவருக்கு முன் ஏற்கெனவே ஒரு குடும்பம் நிற்கும்; அதற்குப் பின் வரிசை ஒன்று இருக்கும். காகிதப்பூ பிரெஞ்சுப் பூ என்பது பரவலான நம்பிக்கை. அது தென்னமெரிக்கச் செடி. பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் கப்பல் 1767இல் ரியோ டி ஜெனீரோவில் நின்றபோது, உடன்சென்ற தாவரவியலாளர் கொமெர்சோன் அதைக் கண்டு சேகரித்தார். மாலுமியின் பெயர் பூவுக்கு ஒட்டிக்கொண்டது. அதே செடி கேளம்பாக்கத்துக் குடியிருப்புகளின் மதில்களிலும் பூக்கிறது. அங்கே அதற்குப் பெயர் குப்பை. பெருக்குபவர் சங்கக் கூட்டத்தில் முறையிடுவார்.

கடற்கரைச் சாலை பற்றியும் சொல்ல வேண்டும். மாலை 6 முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் முதல் உலகப் போரில் இறந்தோருக்கான நினைவுச் சின்னமும் அந்தச் சாலையில்தான் இருக்கின்றன. கடற்கரை என்று பெயர் இருந்தாலும் நெடுந்தூரத்துக்குக் கால் வைப்பதற்குக் கரும்பாறைகளே உண்டு. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புகள், வடக்கே நகர்ந்துவந்த மணலை மறித்துவிட்டன, கரை அரிக்கப்பட்டது, பாறை கொட்ட வேண்டியதாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதிக்கு மணல் மீட்கப்பட்டுள்ளது. மணல் நிறைந்த கோவளத்தை விட்டு வந்த குழந்தைகள் அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடித்ததும், ஊரில் இல்லாத பொருளைக் கண்டதுபோல் ஓடுவர்.

தமிழகத்தில் கிடைக்காததைத் தேடிப் புதுச்சேரி போகும் மரபுக்குப் பெருமை சேர்த்தவர் பாரதியார். ஆங்கிலேயரின் கைக்கு எட்டாமல் 1908 முதல் 1918 வரை அவர் அங்கே வாழ்ந்தார். அவர் தேடிப் போனது சுதந்திரம். பிற்காலத்தவர் சிலர் தேடிப் போவது விலை குறைவான வேறொன்று. அவர்களைத் திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் அடையாளம் காணலாம். பாரதியார் வாழ்ந்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கிறது. அது வாய்க்காலுக்கு மேற்கே. ஆகவே பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

அந்த வாய்க்கால்தான் ஒயிட் டவுன் பயணத்தின் எல்லை. ஒரு காலத்தில் அது வெள்ளைப் பட்டணத்தையும் கறுப்புப் பட்டணத்தையும் பிரித்தது. பிரித்தவர்கள் போய்விட்டார்கள், பயணிகள் அதை இன்னும் மதிக்கிறார்கள். மேற்கே ஐந்து நிமிடம் நடந்தால் தமிழர் பகுதி. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷும் (மொழிபெயர்ப்பாளரும்), 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அங்கே இருக்கிறது. 1738இல் எழுந்த அந்த வீட்டின் கீழ்த்தளம் தமிழ்ப் பாணியில் மரத்தூண்களோடும், மேல்தளம் பிரெஞ்சுப் பாணியிலும் அமைந்தது. இரண்டு நாகரிகங்களும் ஒரே கூரையின் கீழ் குடியிருந்ததற்குச் சான்று அது. வைசியாள் வீதி போன்ற தெருக்களில் வீட்டுக்கு வீடு திண்ணையும், அதற்கு முன்னால் தெருவுக்கு நிழல் தரும் தாழ்வாரமும் உண்டு.

இரு பகுதி வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்கும். பிரெஞ்சு வீடு தெருவுக்கு உயர்ந்த சுவரைக் காட்டி, தோட்டத்தையும் முற்றத்தையும் உள்ளே வைத்துக்கொள்ளும். தமிழ் வீடு முகம் தெரியாதவனுக்கும் உட்கார இடம் ஒதுக்கிவிட்டுத்தான் தன் கதவையே தொடங்கும். 120 கிலோமீட்டர் வந்தவர்கள் தங்களை உள்ளே விடாத சுவரைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். உட்காரச் சொல்லும் திண்ணைப் பக்கம் போவதில்லை.

குடும்பத்தில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருந்து, கால்வலியால் வழி தவறி அந்தப் பக்கம் ஒதுங்கினால் மட்டும் நிலைமை மாறும். அவர் முதலில் தென்படும் திண்ணையில் உட்கார்ந்து தூணைத் தடவிப் பார்ப்பார். "நம்ம ஊர் வீடும் இப்பிடித்தான்டா இருந்துச்சு. உங்கப்பாதான் இடிச்சு அப்பார்ட்மென்ட் கட்டக் குடுத்தான்" என்பார். அந்த அப்பார்ட்மென்டின் மூன்றாம் மாடியிலிருந்துதான் குடும்பம் அன்று காலை கிளம்பி வந்திருக்கும்.

ஆகவே புதுச்சேரி போவோர் வாய்க்காலைத் தாண்டவும். தாண்டப் பாலம் இருக்கிறது, கட்டணம் இல்லை, ரூ. எதுவும் செலவாகாது.