வெளிச்சத்தைக் குறையுங்கள், செல் தெரியும்

பிளஸ் ஒன் மாணவி, செங்கல்பட்டு: வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் வெறும் வெள்ளை வட்டம். ஓரத்தில் கறுப்பாகச் சில கோடுகள். செல் எங்கே?

செல் அங்கேயேதான் இருக்கிறது. வெளிச்சம் அதை விழுங்கிவிட்டது. அந்தக் கறுப்புக் கோடுகள் உங்கள் கண்ணிமை மயிர். தலையை இம்மியளவு பின்னுக்கு இழுத்தால் மறைந்துவிடும். அடுத்து, ஸ்டேஜுக்கு அடியில் கண்டென்சரை ஒட்டி ஒரு சின்னக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டயஃப்ரத்தின் பிடி. ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை மெல்லத் தள்ளுங்கள். வட்டம் மங்க மங்க, செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி செல்கள் வரிசையாக எழுந்து வரும். ஒரு சொட்டு அயோடின் விட்டிருந்தால் நியூக்ளியஸும் மஞ்சள் பழுப்புப் பொட்டாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பாதி வேலை வெளிச்சத்தை அடக்குவதுதான். அந்தக் கைப்பிடியை ஒருமுறைகூடத் தொடாமல் எத்தனையோ பிள்ளைகள் பிராக்டிகலை முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

அதே வகுப்பு மாணவர்: எடுத்தவுடனே 45 எக்ஸ் லென்ஸைப் போட்டால் நேரம் மிச்சம்தானே?

நேரம் மிச்சமாகாது, கவர் ஸ்லிப்தான் நொறுங்கும். 4 அல்லது 10 எக்ஸில் தொடங்குங்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தபடி லென்ஸையும் ஸ்லைடையும் நெருங்கவிடுங்கள். பிறகு ஐபீஸில் கண் வைத்து, விலக்கிக்கொண்டே ஃபோகஸ் பிடியுங்கள். 10-ல் தெளிவாகிவிட்டால் 45-க்குத் திருப்பியதும் சின்னத் திருகில் கொஞ்சம் அசைத்தாலே போதும். 45-ல் பெரிய திருகைத் தொடவே கூடாது.

குடும்பத் தலைவி, திருக்கழுக்குன்றம்: கண்ணாடி போட்டிருக்கிறேன். கழற்றிவிட்டுப் பார்க்கலாமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றலாம். ஃபோகஸ் திருகே சரிசெய்துவிடும். சிலிண்டர் பவர் இருந்தால் போட்டுக்கொண்டே பாருங்கள்.

பிள்ளைக்கு வாங்க நினைக்கும் தந்தை, திருப்போரூர்: ஆன்லைனில் 2000 மடங்கு என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். சுமார் 0.2 மைக்ரானைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி மைக்ராஸ்கோப் பிரித்துக் காட்டாது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே விளக்கிய எல்லை இது. அதற்கு மேல் எத்தனை மடங்கு பெருக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். பிள்ளைக்கு 400 மடங்கு தாராளம். மடங்கை விடுங்கள், கண்டென்சரும் டயஃப்ரமும் இருக்கிறதா, சின்னத் திருகு தனியாக இருக்கிறதா, உடல் உலோகமா என்று பார்த்து வாங்குங்கள்.

மீனவர், கொக்கிலமேடு: சில ராத்திரிகளில் அலை நீலமாக மின்னுகிறது. அந்தத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் என்ன தெரியும்?

நல்ல கேள்வி. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையிலும், 2024 அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகவும் மக்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தது இந்த நீலத்தைத்தான். பெரும்பாலும் நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரியின் வேலை அது. ஒற்றைச் செல் என்றாலும் அரை மில்லிமீட்டருக்கு மேலும் வளரும்; கண்ணாடி டம்ளரில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தால் பொடிப் புள்ளிகளாக வெறுங்கண்ணுக்கே தெரியும்.

அதனால் 4 எக்ஸ் போதும். கவர் ஸ்லிப் போட்டால் நசுங்கிவிடும். குழி ஸ்லைடில் ஒரு சொட்டு விடுங்கள், அது இல்லையென்றால் சாதா ஸ்லைடில் சொட்டை அப்படியே விட்டுவிடுங்கள். டயஃப்ரத்தைக் குறுக்குங்கள். ஒளி ஊடுருவும் உருண்டை, ஒரு பக்கம் மடிப்பு, அங்கிருந்து நீளும் ஒரு வால். உள்ளே மெல்லிய இழைகள் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரிந்து ஓடும். மின்னலை மட்டும் லென்ஸ் வழியே தேடாதீர்கள், விளக்கு வெளிச்சத்தில் அது தெரியாது. இருட்டறையில் பாட்டிலைத் தட்டிப் பாருங்கள். அலை அடித்தாலும் கை தட்டினாலும், அசைவுக்குத்தான் அது ஒளிர்கிறது. எடுத்த ராத்திரியே பார்த்துவிடுங்கள், மறுநாள்வரை தாங்காது. அழகுதான், ஆனால் அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து மீனுக்கு ஆபத்து.

லேப் டெக்னீஷியன் படிப்பு மாணவர், செங்கல்பட்டு: 100 எக்ஸ் லென்ஸுக்கு எண்ணெய் எதற்கு? துடைப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

உங்கள் ஊர்த் திருமணியை நினைத்துக்கொள்ளுங்கள், விடை கிடைக்கும். 1924-ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, 1955-ல் மத்திய அரசு ஏற்று நடத்தும் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக ஆன இடம். தொழுநோய்க் கிருமியின் தடிமன் சுமார் 0.3 மைக்ரான். 45 எக்ஸ் லென்ஸ் பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய 0.5 மைக்ரான்வரைதான், கிருமி அதன் கைக்குள் வராது.

கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வரும்போது ஒளி வெளிப்பக்கமாக வளைந்து, ஓரத்துக் கதிர்கள் லென்ஸுக்குள் போகாமல் வீணாகின்றன. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை ஒட்டிய, அதாவது 1.515 உள்ள எண்ணெயை இடையில் விட்டால் அவை வளையாமல் உள்ளே போய்விடும். எல்லை 0.27 மைக்ரானுக்கு இறங்கும். நார்வேயில் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டதும், அபே தன் எல்லையை விளக்கிய அதே 1873-ல்தான்.

காதுமடலில் சிறு கீறல் போட்டு எடுத்த திசுநீரைச் சாயமேற்றிப் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் கிடக்கும். அதை எண்ணுவதற்கு ஒரு கணக்கு உண்டு. நூறு வட்டங்களில் மொத்தமே 1 முதல் 10 கிருமி என்றால் 1+. ஒரே வட்டத்தில் சராசரியாக ஆயிரத்துக்கு மேல் என்றால் 6+. அந்த 1+ போடுவதற்கு ஒருவர் நூறு வட்டங்களையும் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். அப்படிக் குனிந்த தலைகளுக்கு இந்த மாவட்டம் கடன்பட்டிருக்கிறது.

ஆயில் லென்ஸுக்கு வெளிச்சம் நேர்மாறு: கண்டென்சரை உச்சிக்கு ஏற்றி டயஃப்ரத்தை நன்றாகத் திறக்க வேண்டும். எண்ணெய் விட்ட ஸ்லைடில் மறுபடி 45-ஐத் திருப்பாதீர்கள். எண்ணெய் படக்கூடாத லென்ஸ் அது. வேலை முடிந்த கையோடு லென்ஸ் பேப்பரால் ஒற்றி எடுங்கள். சட்டை முனை வேண்டவே வேண்டாம்.

ஆசிரியை, மதுராந்தகம்: கரண்ட் போனால் கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப்தான். தட்டைப் பக்கமா, குழிப் பக்கமா?

கண்டென்சர் இருந்தால் தட்டை, இல்லையென்றால் குழி. ஜன்னல் வழி வானத்தைப் பாருங்கள். வெயிலை நேராகத் திருப்பினால் பிள்ளைகளின் கண் போய்விடும்.

இறால் குஞ்சுப் பொரிப்பகப் பணியாளர், மாமல்லபுரம் அருகே: லென்ஸுக்குள் நூல் நூலாக ஏதோ படர்கிறது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

பூஞ்சை. உள்ளே படர்ந்ததை நீங்கள் துடைக்க முடியாது, மெக்கானிக்கிடம் கொடுங்கள். கடலோர ஈரக்காற்றுக்கு மூடிய மரப்பெட்டி நல்லதல்ல. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் லென்ஸ்களை வையுங்கள். நீலம் வெளுத்தால் ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். உப்பு நீர் ஸ்டேஜில் சிந்தினால் முதலில் நல்ல தண்ணீர்த் துணி, அப்புறம் உலர்ந்த துணி. 1897-ல் செகந்திராபாத்தில் மலேரியாவைத் தேடிய ரொனால்டு ராஸின் மைக்ராஸ்கோப் திருகுகள் அவர் வியர்வையிலேயே துருப்பிடித்தன. உப்புக்குத் தாட்சண்யம் கிடையாது.

எட்டாம் வகுப்பு மாணவன், செங்கல்பட்டு: கொளவாய் ஏரித் தண்ணீரில் ஒரு பூச்சி ஓடுகிறது. துரத்தினால் இன்னும் வேகமாக மறைகிறது!

பிம்பம் தலைகீழ், இடவலமும் மாறியிருக்கும். அது வலப்பக்கம் ஓடுவதாகத் தெரிந்தால் ஸ்லைடையும் வலப்பக்கமே தள்ளு. அப்படியும் அடங்கவில்லையென்றால், கவர் ஸ்லிப்புக்கு அடியில் நாலைந்து பஞ்சு இழைகளைப் பிரித்துப் போடு. நடுவில் சிக்கியதும் ஓரத்தில் வடிதாளை வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சு. ரொம்ப உறிஞ்சிவிடாதே, பார்த்து முடித்ததும் அதை ஏரித் தண்ணீரிலேயே விட வேண்டும்.