ஈர்க்குச்சியில் பசிபிக் பெருங்கடல்

கே: பள்ளியில் 'உலகக் கலாசார நாள்'. என் மகளுக்குத் துருவப் பகுதி வேடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வெயிலில் கம்பளிக் கோட்டு! இதில் என்னதான் கற்றுக்கொள்வாள்? (ஒரு தாய், அம்பத்தூர்)

ப: வேர்க்குருவைப் பற்றி நிறையவே. கோட்டைக் கழற்றி ஓர் ஐஸ்கட்டிமேல் சுற்றச் சொல்லுங்கள். இன்னொரு கட்டி தட்டில் சும்மா இருக்கட்டும். எது முதலில் உருகும் என்று கேட்டால், "கம்பளிக்குள் இருப்பது" என்று பாதி வகுப்பாவது கத்தும். உருகுவது மற்றது. கம்பளிக்குச் சொந்தச் சூடு கிடையாது. அதற்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடக்க விடாது, அவ்வளவுதான். இனுயிட் மக்களின் பனிவீட்டிலும் இதே கதை: இறுகிய பனிக்குள் நிறையக் காற்று. இன்று அவர்கள் இருப்பது நம்மைப் போலச் சாதாரண வீடுகளில் என்பதையும் மேடையில் யாராவது சொன்னால் நல்லது.

கே: எல்லா அறிவியல் கண்காட்சியிலும் வினிகர் எரிமலை ஏன்? (க.ரா., கரூர்)

ப: மதிப்பெண்ணும் சேர்ந்து பொங்குகிறதே! நிஜ எரிமலையில் வினிகரும் இல்லை, சோடா உப்பும் இல்லை. பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் அழுத்தம் குறைந்ததும் குமிழ்களாகப் பிரிந்து குழம்பை மேலே தள்ளுகின்றன. இதைக் காட்ட ஒரு சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் போதும். மிச்சத்தைக் குடிக்கவும் செய்யலாம்.

கே: அறிவியலையும் உலகக் கலாசாரத்தையும் ஒரே பீரியடில் நடத்த முடியுமா? எங்கள் பள்ளியில் நிதி கிடையாது. (ஆசிரியை, தேனி)

ப: விளக்குமாறு இருக்கிறதா? போதும். பசிபிக்கில் மார்ஷல் தீவுகள் எல்லாம் தாழ்வான பவளத் திட்டுகள். கொஞ்சம் தள்ளிப் போனாலே கண்ணுக்குத் தெரியாது. அங்கத்து மாலுமிகள் தீவைத் தேடியது கண்ணால் மட்டுமல்ல, உடம்பாலும். பெருங்கடல் அலை தீவில் மோதித் திரும்பும். ஓரங்களில் வளைந்து பின்பக்கம் போய் ஒன்றையொன்று குறுக்கிடும். அந்த ஆட்டத்தைப் படகில் படுத்தே உணர்ந்தார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கத் தென்னை ஈர்க்கைக் கட்டி வரைபடம் செய்தார்கள்: குச்சி அலை, சோழி தீவு. கடலுக்கு அதை எடுத்துப் போவதில்லை. கரையிலேயே மனப்பாடம்.

வகுப்பில் ஓர் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே ஒரு கல்லை வையுங்கள். ஸ்கேலால் மெல்லத் தட்டி அலை எழுப்பினால், கல்லுக்குப் பின்னால் அலை வளைவது தெரியும். பார்த்ததைப் பிள்ளைகள் ஈர்க்கிலும் நூலிலும் கட்டட்டும். 'விளிம்பு விளைவு' என்ற சொல்லைக் கடைசியில் சொன்னால் போதும். முதலில் சொன்னீர்களோ, எழுதிக்கொண்டு தூங்கிவிடுவார்கள்.

கே: கணக்குக்கு? (அதே ஆசிரியை)

ப: பேராசை! சரி, கயிறு எடுங்கள். பெரு நாட்டின் இன்காக்கள் கணக்கை முடிச்சுப் போட்டு வைத்தார்கள். கீழே ஒன்று, அதற்கு மேல் பத்து, அதற்கும் மேல் நூறு. பூஜ்யத்துக்கு முடிச்சே கிடையாது, வெற்றிடம். ஒரு வாரம் வருகைப்பதிவை அப்படிப் போட்டுப் பாருங்கள். ஒயிட்னர் வேலை செய்யாது.

கே: பானைக்குள் பானை வைத்து, நடுவே ஈரமணல் போட்டோம். தக்காளி அழுகிவிட்டது. (மாணவர், சென்னை)

ப: நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பாவுக்கு 2000-இல் ரோலெக்ஸ் விருது வாங்கித் தந்த பானை அது. அவருடையது வறண்ட வட நைஜீரியா. சென்னைக் காற்றோ ஏற்கெனவே நனைந்தது. தண்ணீர் ஆவியானால்தானே பானை குளிரும்? இங்கே அது ஆவியாகப் போக இடமேது? வேலூர் மே மாதத்தில் இன்னொரு தக்காளியை வைத்துப் பார்.

கே: போர்ஷனை யார் முடிப்பது? (தலைமையாசிரியர்)

ப: மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 1972-இல் 16 பள்ளிகளில் அறிவியலைச் செய்துபார்த்தே கற்கும் திட்டம் தொடங்கியது. தேர்வில் புத்தகத்தைத் திறந்துகொள்ள அனுமதி இருந்தது. செய்முறைத் தேர்வும் இருந்தது. அறிவியல் பொம்மைகளுக்குப் பெயர்போன அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்துப் பொம்மைகள் செய்யத் தொடங்கியது அங்கேதான். 30 ஆண்டுக்குப் பின், 2002-இல் அரசு அதை மூடியது. போர்ஷனை முடிக்கிறவர்கள் சில சமயம் திட்டத்தையே முடித்துவிடுகிறார்கள், சார்.

கே: எங்கள் சார் மேஜையில் செய்வார், நாங்கள் பார்ப்போம். இது செய்முறையா? (ஏழாம் வகுப்பு மாணவி)

ப: டி.வி. சமையல் நிகழ்ச்சி. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டாதே, அம்மா.