நான் என்னைவிடச் சின்னவனா?

இரண்டு எண்ணில் எது சின்னது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். சி பிளஸ் பிளஸில் வருஷக்கணக்காகச் சோறு தின்கிற நான் அதில் கோட்டை விட்டிருக்கிறேன்.

ஒருமுறை பிரயாரிட்டி க்யூ வைத்து டோக்கன் வரிசை எழுதினேன். அதில் ஒப்பிடும் வேலையை, நாம் வேறொன்றைத் தராதவரை, ‘லெஸ்’ என்ற குட்டிப் பொருள் பார்த்துக்கொள்ளும். லெஸ் இருக்கிறதே, சின்ன எண் முன்னால் வந்துவிடும் என்று நம்பினேன். கடைசியாக வந்தவர் முதல் ஆளாக உள்ளே போனார். அந்த வரிசையில் லெஸ் இருந்தால் பெரியதுதான் தலையில் நிற்கும். சின்னது வேண்டுமானால் ‘கிரேட்டர்’. பட்டியலை வரிசைப்படுத்தும் சார்ட்டிலோ இதற்கு நேர் எதிர். இப்படி வைத்த புண்ணியவான் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அது போகட்டும். மானத்தை வாங்கியது மார்க் பட்டியல்தான். ஒரே மார்க் வாங்கியவர்கள் விட்டுப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், சார்ட்டுக்கு ‘லெஸ் ஈக்குவல்’ கொடுத்தேன். பத்துப் பேரை வைத்துச் சோதித்தபோது ஜம்மென்று ஓடியது. நிஜத்தில் நாற்பது பேர் வகுப்பு. மார்க் இன்னும் ஏற்றவில்லை, எல்லாருக்கும் பூஜ்யம். புரோகிராம் பொத்தென்று விழுந்தது. இரண்டு நாள் கம்பைலரைத் திட்டினேன்.

மூன்றாம் நாள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்க உங்களைவிடச் சின்னவரா?”

“இல்லம்மா.”

“இது ஆமான்னு சொல்லுதே?”

ஜிசிசி கம்பைலரின் சார்ட் 16 உருப்படி வரை ஒவ்வொன்றாகச் செருகி முடித்துவிடும். அதற்கு மேல் போனால் ஒரு எண்ணை நடுவராக வைத்து, “இவரைவிடச் சின்னதா?” என்று கேட்டபடியே நகரும். எங்காவது ‘இல்லை’ வந்தே தீரும் என்பதால் பட்டியல் முடிந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை. நான் வைத்த ஆளோ பூஜ்யம் பூஜ்யத்தைவிடச் சின்னதா என்றாலும் ‘ஆமாம்’ போடுகிறவன். சார்ட் வேலி தாண்டி அடுத்தவர் நிலத்தில் இறங்கிவிட்டது.

‘ஈக்குவல்’ என்ற ஒரு சொல்லை அழித்தேன், சரியாகிவிட்டது. அன்றைய மாற்றக் குறிப்பில் நான் எழுதியது: “வேக மேம்பாடு.”